இரண்டு பேரும் வேலையை விட்ட வாரம்

மாட்டுப்பட்டி அணைக்கு மேலே இருக்கிற எந்த எஸ்டேட்டில் போய் மொக்கையன் என்று கேட்டாலும், "எந்த மொக்கையன், வேலை மாறிக்கிட்டே இருப்பாரே, அவரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அது வசவு அல்ல, பட்டம். நாலாம் வகுப்போடு எஸ்டேட் பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கியவன். கையெழுத்துப் போடுவான், பஸ் போர்டு வாசிப்பான், சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு என்று பார்த்த பார்வையில் சொல்லிவிடுவான். அதற்கு மேல் ஒரு மனுசனுக்கு என்ன படிப்பு வேண்டும்? படித்தவர்கள் ஒரே நாற்காலியில் முப்பது வருஷம் உட்கார்ந்து, மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். மொக்கையன் உட்கார்ந்த நாற்காலியே கிடையாது. நின்று வேலை செய்தான், நிற்கப் பிடிக்காத இடத்தை விட்டு நடந்தான். நடந்த ஒவ்வொரு முறையும் கூலி ஏறியது.

பதினேழு வயதில் அரளிப்பாறை எஸ்டேட்டில் மருந்தடிக்கப் போனான். முதுகில் டப்பா, மூக்கில் துணி. ஒரு மழைக்காலம் தாங்கினான். அப்புறம் குமுளிக்குப் பஸ் ஏறிவிட்டான். அங்கே ஏலக்காய் ஸ்டோரில் நெருப்புப் பார்க்கிற வேலை. பச்சைக் காயை அறைக்குள் தட்டுத் தட்டாகப் பரப்பி, கீழே விறகு எரித்து, காய் வெளுக்காமலும் கருகாமலும் உலர்த்தி எடுக்க வேண்டும். கை பழகியதும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்து ஸ்டோர்காரர் டீக்கடையில் வைத்து, "அங்க உனக்கு என்னப்பா தர்றாரு?" என்று கேட்டார். மொக்கையன் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னான். அவர் அதற்கும் மேலே கொஞ்சம் வைத்தார். அன்று சாயங்காலமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினான். ஒரு ஜீப் போகிற அகலம்தான் அந்த ரோடு. அந்த அகலத்தைத் தாண்டியதில் கிடைத்த உயர்வு, அவன் அப்பா வருஷக்கணக்காகக் காலை மஸ்டரில் பேர் சொல்லி நின்று வாங்கிய உயர்வைவிடப் பெரிது.

ருசி கண்டுகொண்டான். குமுளியிலிருந்து வண்டன்மேடு, அங்கிருந்து மூணாறில் ஒரு லாட்ஜில் வெந்நீர் பாய்லர், அந்த லாட்ஜிலிருந்து அதைவிடப் பெரிய லாட்ஜ். கொரோனா வருஷத்தில் பெரிய லாட்ஜைப் பூட்டினார்கள். மொக்கையன் அதை அப்படிச் சொல்ல மாட்டான். "லாட்ஜ் சலிச்சுப் போச்சு, ஃபாக்டரிக்கு வந்துட்டேன்" என்பான். எப்படி வந்தால் என்ன? அரளிப்பாறை தேயிலை ஃபாக்டரியில் இலையை உலர்த்துகிற டிரையர் அவன் கைக்கு வந்தது. ஏலக்காயில் பழகிய மூக்கு தேயிலைக்கும் பேசியது. அனல் கூடினாலும் குறைந்தாலும் மீட்டரைப் பார்க்குமுன் அவனுக்குத் தெரியும்.

இத்தனை ஓட்டத்திலும் அவன் குடியிருப்பு மாறவில்லை. அரளிப்பாறை கீழ் டிவிசனில் பத்து வீடு ஒட்டி நிற்கிற லயத்தில் நடு வீடு. ஒரு முன்னறை, ஒரு உள்ளறை, பின்னால் அடுப்படி. எஸ்டேட்டில் ஒரு சட்டம் உண்டு. குடும்பத்தில் ஒருத்தர் பேராவது நிரந்தரத் தொழிலாளியாகப் பதிவில் இருந்தால் வீடு உங்களுக்கு. ஒருத்தர் பேரும் இல்லை என்றால் மாதக் கடைசியில் சாவி ஆபீசுக்கு. சாவி கொடுத்தால்தான் கிராஜுவிட்டிப் பணம் கைக்கு வரும். மூன்று தலைமுறையாக அந்த மலையில் கொழுந்து கிள்ளியவர்களுக்கு மலையில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. பேர்தான் வீடு, வீடுதான் பேர்.

அந்தப் பேர் மொக்கையன் மனைவி சின்னத்தாயின் பேர். போடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த மறு மாதமே பதிந்து கொழுந்து எடுக்கப் போனவள். இன்றைக்கும் அதே டிவிசன், அதே சரிவு. தோட்டக் கூலியை நிர்ணயிக்கிற கமிட்டி ஏற்றினால் அவளுக்கும் ஏறும், இல்லையென்றால் இல்லை. மொக்கையன் அவளைக் கிண்டல் செய்வான்.

"நீயும் அந்தத் தேயிலைச் செடியும் ஒண்ணு புள்ள. வச்ச எடத்துல நிப்பீக."

"நாங்க நிக்கப் போய்த்தான் நீங்க ஓடுறீக" என்பாள் அவள்.

அவன் சிரிப்பான். பதில் நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சிரிப்பானே தவிர, அதைக் காதோடு விட்டுவிடுவான். அவர்களுடைய ஒரே மகன் வேல்முருகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு கம்பெனி மாறிவிடுவான். "எம் ரத்தம்" என்று மொக்கையன் லயம் முழுக்கச் சொல்வான்.

லயத்தில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. புது வேலை அமைந்தால் முதல் சம்பளம் கைக்கு வரும்வரை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பெண்டாட்டி புருஷனிடம்கூடச் சொல்ல மாட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர், அது கூரைவரைக்கும் போகாது. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் 'நூறு வயசு' என்பார்கள். முன்பு ஒருத்தன் ரிசார்ட்டில் வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ராத்திரிச் சோற்றில் பெண்டாட்டியிடம் சொன்னான். விடிந்து அவன் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரன் ரிசார்ட் கேட்டில் தொப்பி போட்டு நின்றுகொண்டிருந்தான். அதிலிருந்து எல்லோரும் உஷார். கண்ணு பட்டுவிடும் என்று ஒரு பயம், காது பட்டுவிடும் என்று பெரிய பயம்.

இந்தப் பழக்கம்தான் மொக்கையன் குடும்பத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

மழை விட்டுக் கொழுந்து தள்ளிக்கொண்டு வருகிற காலம். குமுளிப் பக்கத்துத் தனியார் தேயிலை ஃபாக்டரி ஒன்றிலிருந்து மொக்கையனுக்கு ஆள் வந்தது. டிரையருக்கு ஆள் வேண்டும், தங்க அறை உண்டு, மாதம் பதினெட்டாயிரம். இங்கே வாங்குவதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அரளிப்பாறையில் அவனுக்கு ஐந்து வருஷம் தாண்டிவிட்டது, கிராஜுவிட்டியும் வரும். யோசிக்க என்ன இருக்கிறது? திங்கட்கிழமை ஃபாக்டரி ஆபீசில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, பேரை வெட்டச் சொல்லிவிட்டான். வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து போகலாம். வீட்டுக்குத்தான் சின்னத்தாய் பேர் இருக்கிறதே.

வியாழக்கிழமை சின்னத்தாய் ஃபீல்டு ஆபீசுக்குப் போனாள். அதுவும் ஒரு மாத நோட்டீஸ்தான். ஃபாக்டரி ஆபீஸ் ஒரு மேட்டில், ஃபீல்டு ஆபீஸ் இன்னொரு மேட்டில். நடுவில் ஒரு ஓடை.

சனிக்கிழமை மத்தியானம் மொக்கையன் காலை ஷிப்ட் முடிந்து வந்து முன்னறையில் சோறு தின்றுகொண்டிருந்தான். தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கிற ஃபீல்டு கண்டக்டர் பெரியமுத்து வாசலில் வந்து நின்றான். அவன் பின்னால் ஜார்க்கண்டிலிருந்து கொழுந்தெடுக்க வந்திருக்கிற புருஷனும் பெண்டாட்டியும்.

"அண்ணே, நீங்க சாப்பிடுங்க. இவுக மட்டும் உள்ள போயி அடுப்படியைப் பாத்துக்கிறட்டும்."

"எந்த அடுப்படியை?"

"உங்க அடுப்படியைத்தான்."

"எங்க அடுப்படியை இவுக எதுக்குடா பாக்கணும்? சமைச்சுத் தரப் போறாகளா?"

"மாசக் கடைசியில நீங்க காலி பண்ணுறீகள்ல? அடுத்து இவுகளுக்குத்தான் ஒதுக்கியிருக்கு. பாவம், குடும்பஸ்தனுக ஷெட்டுல எம்புட்டு நாளைக்குக் கெடப்பாக?"

மொக்கையன் கையை உதறிவிட்டு எழுந்தான். பெரியமுத்துவை வாசலோரம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தணித்தான். "டேய், கூறுகெட்டவனே. நான்தான்டா பேரை வெட்டியிருக்கேன். வீடு எம் பேர்லயா இருக்கு? எம் பொண்டாட்டி பேர்லதான இருக்கு. சத்தம் போடாத, அவளுக்கே இன்னும் சொல்லல."

பெரியமுத்து அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அண்ணே, மதினி வியாழக்கெழமையே வெட்டிட்டாகளே."

அடுப்படியில் தட்டு ஒன்று விழுந்து உருண்டது. சின்னத்தாய் வாசலுக்கு வந்தாள்.

"நீங்க பேரை வெட்டிட்டீகளா?"

"நீ வெட்டிட்டியா?"

"நான் முதல்ல கேட்டேன்."

"நான் முதல்ல வெட்டினேன்!"

பக்கத்து வீட்டிலிருந்து "மாதாவே!" என்று புஷ்பமேரியின் குரல் கேட்டது. அவளுக்கு வாசலுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வந்தாள்.

இதற்குள் அந்த ஜார்க்கண்ட் பெண் உள்ளே போய் மூலையில் ஓடிய கறையைக் காட்டி என்னவோ கேட்டாள். சின்னத்தாய் சட்டென்று இந்தியில் பதில் சொன்னாள். அந்த மூலையில் மழை ஒழுகும், அண்டா வைக்க வேண்டும், கட்டிலை அந்தப் பக்கம் போடாதே என்று கையைக் காட்டிக் காட்டி விளக்கினாள். சொல்லி முடித்த பிறகுதான் தன் வீட்டை இன்னொருத்திக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மொக்கையனுக்கு உறைத்தது வேறு. இவளுக்கு எப்போது இந்தி வந்தது?

வீட்டுக்குள் பேச முடியாது. இரண்டு பேரும் குடத்தை எடுத்துக்கொண்டு, குழாயைத் தாண்டி, காற்று அடிக்கிற பாறைப் பக்கம் போனார்கள். கீழே தேயிலை, அதற்குக் கீழே அணைத் தண்ணீர். அங்கே நின்று கத்தினாலும் காற்று கொண்டுபோய்விடும்.

"எங்க போறே நீ?"

"மாட்டுப்பட்டி ரோட்டுல புதுசா வந்த ரிசார்ட்டு. வர்ற ஆளுகளுக்குக் கொழுந்து கிள்ளிக் காட்டணும். கூடையைத் தலையில மாட்டிவிட்டுப் போட்டோ எடுக்க விடணும். அப்புறம் டீ போட்டுக் குடுக்கணும்."

"இதுக்கு ஒரு வேலையா?"

"அவுகளுக்கு அது வேலைதான். போன மாசம் ரோட்டோரம் எடுத்துக்கிட்டு இருந்தோம். வடக்கத்திக் குடும்பம் ஒண்ணு வந்து செடியோட பெரிய எலையா உருவுச்சு. நான் கையைத் தட்டிவிட்டு, 'தோ பத்தி, ஏக் கலி'ன்னேன். ரெண்டு எலை, ஒரு மொட்டுன்னு நம்ம ஜார்க்கண்டுப் பிள்ளைகதான் சொல்லிக் குடுத்துச்சுக. அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. கூட வந்த ரிசார்ட்டு மேனேஜரு அங்கனயே பேரு கேட்டாரு."

"சரி. என்னத்தத் தர்றாக?"

சின்னத்தாய் குடத்தைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு எம்புட்டு?"

"பதினெட்டு" என்றான் மொக்கையன் நெஞ்சை நிமிர்த்தி.

"எனக்கு இருபத்திரண்டு."

காற்று அடித்துக்கொண்டே இருந்தது. மொக்கையன் அணையைப் பார்த்தான். குமுளி ரோட்டைத் தாண்டியதிலிருந்து இத்தனை வருஷம் தாண்டித் தாண்டி அவன் பதினெட்டுக்கு வந்து நிற்கிறான். இவள் ஒரே ஒரு தடவை காலைத் தூக்கி வைத்தாள், நேராக இருபத்திரண்டில் போய் இறங்கிவிட்டாள். அவனுக்குப் பெருமையா வயிற்றெரிச்சலா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

"நீ திருப்பி வாங்கிரு" என்றான். "நோட்டீசைத்தான் சொல்றேன். உம் பேரு இருக்கட்டும். இருபத்தெட்டு வருசப் பேரு, வெளயாட்டா?"

"மாட்டேன்."

"வீடு போகும்டி."

"தெரியும். நீங்க வாங்குங்க."

"நான் எதுக்கு வாங்கணும்?"

"கூடுதலா எங்க கெடைக்குதோ அங்க போகணும்னு நீங்கதானய்யா ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியிறீக? இருபத்திரண்டு கூடவா, பதினெட்டுக் கூடவா? எனக்குத்தான் கணக்கு வராது, நீங்க சொல்லுங்க." அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மொக்கையனுக்கு வசதியாக இருந்திருக்கும். "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து மழையில அட்டையோட நின்னுருக்கேன். மொழங்கால் ரெண்டும் போச்சு. நானும் ஒரு தடவ தாண்டிப் பாக்குறேன். வேணாம்னு சொல்லாதீக."

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் கீழே வைத்த குடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு குழாயைப் பார்த்து நடந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மூணாறுக்குப் போனான். இரண்டு பேரும் போகிறோம், வாடகைக்கு ஒரு வீடு பிடித்தால் ஆயிற்று என்று மனக்கணக்கு. ரோட்டைப் பார்த்த அறை எல்லாம் டூரிஸ்டுக்கு நாள் வாடகையில் போய்க்கொண்டிருந்தது. சந்துக்குள் ஒரு வீடு காட்டினார்கள். சமையல் மேடையும் கட்டிலும் ஒரே அறையில். கேட்ட வாடகையையும் முன்பணத்தையும் போட்டுப் பார்த்தால் குமுளிக்காரன் கூட்டித் தருகிறது முழுக்க அந்தச் சந்துக்குள்ளேயே இறங்கிவிடும். மேலே ஏறின கூலி கதவு வழியாகவே வெளியே போகும். அதோடு திருப்பூரிலிருந்து வேல்முருகன் வந்தால் எங்கே படுப்பான்? மொக்கையன் வீட்டுக்காரரிடம், "யோசிச்சுச் சொல்றேன்" என்றான். இத்தனை நாளும் அந்த வார்த்தையை மற்றவர்கள்தான் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

லயத்துக்குத் திரும்பும்போது டீக்கடையில் புஷ்பமேரியின் புருஷன் சிலுவைராஜ் உட்கார்ந்திருந்தான். ஜீப் ஓட்டுகிறவன், மொக்கையனோடு கூடவே மருந்தடித்தவன்.

"வாங்க மாப்ள. ஜீப்பு ரெடி. சாமானை இன்னைக்கே ஏத்திரலாமா, இல்ல மாசக் கடைசி வரைக்கும் பொறுப்பீகளா?"

"உன் ஜீப்பு என் பீரோவைத் தாங்குமா?"

"பீரோ தாங்கும். நீங்க இத்தன வருசம் அளந்தீகளே, அதை ஏத்தினா ரெண்டு டிரிப்பு அடிக்கணும்." கடையில் எல்லோரும் சிரித்தார்கள். சிலுவைராஜ் விடவில்லை. "ஆமா, தங்கச்சிக்கு இருபத்திரண்டாமே?"

பாறை மேல் நின்று பேசியது எப்படி இங்கே வந்தது என்று மொக்கையன் கேட்கவில்லை. டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

"ஆமா, இருபத்திரண்டு" என்றான். "யாரு பொண்டாட்டி?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே ஒன்று புரிந்தது. இருபத்திரண்டைச் சொல்லும்போது குரல் தானாக உயர்ந்தது. பதினெட்டைச் சொன்னபோதுகூட இப்படி உயரவில்லை. நடந்துகொண்டே யோசித்தான். குமுளிக்கு ஓடினான், வண்டன்மேட்டுக்கு ஓடினான், லாட்ஜுக்கு ஓடினான். வேலை போன மாதமும் உண்டு, சம்பளம் வராத மாதமும் உண்டு. எந்த மாதமும் தலைக்கு மேல் கூரை இல்லாமல் போனதில்லை. அந்தத் தைரியத்தில்தான் முதலாளி முகத்துக்கு நேரே நின்று கூலி பேச முடிந்தது. தன் வாய்ச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். வாய்ச் சாமர்த்தியமும்தான், அதை யார் மறுக்க முடியும்? ஆனால் வாய்க்குப் பின்னால் ஒருத்தி நின்றிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு ஃபாக்டரி ஆபீசுக்குப் போனான். கொடுத்த நோட்டீசைத் திருப்பிக் கேட்பதற்காகப் போனான். வாழ்க்கையில் அவன் எந்த முதலாளியிடமும் திரும்பிப் போய்க் கேட்டதில்லை. அவன் பேரை ஏற்கெனவே வெட்டி அனுப்பியிருந்தால் கதை முடிந்தது. வாசலில் நின்று தொண்டையைச் செருமினான்.

ஃபாக்டரி ஆபீசர் ஜோபி சார் கோட்டயத்துக்காரர், சின்ன வயசு, பேசுகிற தமிழில் பாதி மலையாளம். மேசை முழுக்கத் தேயிலை மாதிரிகளைத் தட்டுகளில் கொட்டி வைத்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"மொக்கையா, வா, இரி. கொழுந்து மலை மாதிரி குமிஞ்சு கெடக்கு. நீ போனா டிரையரை யாரு நோக்கும்? நீ தீர்மானிச்சதுதானா?"

மொக்கையன் வாயில் 'இல்லை சார்' என்பதுதான் தயாராக இருந்தது. ஆனால் கேட்ட தோரணையைக் கவனித்துவிட்டான். இத்தனை வருஷம் பேரம் பேசின காது அது. ஆள் தேவைப்படுகிறவன் குரல் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும்.

"தீர்மானிச்ச மாதிரிதான் சார்" என்றான். உட்காரவில்லை.

"எத்தரை தர்றாங்க அவங்க?"

"இருபது."

"இருபதா!" ஜோபி சார் பேனாவைக் கீழே போட்டார். "மொக்கையா, நான் உள்ளதைச் சொல்லட்டே. கூலி நான் கூட்ட முடியாது. கமிட்டி போட்ட கூலி, எல்லாருக்கும் ஒண்ணு. உனக்கு மட்டும் பத்து ரூபா கூட்டினா நாளைக்கு யூணியன் இங்க வந்து இரிக்கும். அப்படின்னா நீ போறதுதான் நல்லது. போ. சந்தோஷமா போ."

கயிற்றைக் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டான். இப்போது தலையைக் குனிந்து 'இருந்துக்கிறேன் சார்' என்று சொன்னால் வீடு மிஞ்சும், முகம் மிஞ்சாது. சொல்லாமல் வெளியே போனால் முகம் மிஞ்சும், வீடு போய்விடும். மெதுவாகத் திரும்பினான். கதவுவரை எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தான். வழியில் கிடந்த ஒரு தட்டைக் குனிந்து எடுத்தான். தேயிலையை முகர்ந்து பார்த்தான். கருகல் வாடை அடித்தது. ஒன்றும் சொல்லாமல் திருப்பி வைத்தான்.

"நில்லு" என்றார் ஜோபி சார். "கூலி அல்லாம வேற எந்தாவது சொல்லு."

மொக்கையன் அப்படியே நின்றான். கூலியைத் தவிர வேறு எதையும் அவன் யாரிடமும் கேட்டதில்லை. வேறு என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அப்புறம் அண்டா வைக்கிற மூலை ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணுக்குக் கையைக் காட்டிக் காட்டிச் சின்னத்தாய் சொன்னது ஞாபகம் வந்தது.

"கூலியை யாரு சார் கேட்டா?" என்றான். இப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எங்க லயத்துல ஓரத்து வீடு பூட்டிக் கெடக்கு. பழைய கிளார்க்கு இருந்தது. தனிக் குழாய், பக்கவாட்டுல கொஞ்சம் எடம். அது எனக்கு வேணும்."

"அது ஸ்டாஃபுக்கு உள்ள வீடு."

"ஸ்டாஃபு யாரும் வரலையே சார். எலிதான் குடியிருக்கு. அதுக்கு என்ன கிரேடு?"

ஜோபி சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவனிடம் பாதி ஜெயித்தாயிற்று என்பது மொக்கையனுக்குத் தெரியும்.

"நான் மேனேஜர்கிட்ட பறைஞ்சு நோக்கட்டே."

"பறைங்க சார். கூரையும் புதுசா மாத்தணும். ஒழுகுற வீட்டுக்கு நான் வர மாட்டேன்."

"கூரை மார்ச்சுல பாக்கலாம்."

"அப்ப நானும் மார்ச்சுல வர்றேன்."

போனில் மலையாளத்தில் நெடுநேரம் பேச்சு நடந்தது. மொக்கையன் ஜன்னல் வழியாகப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு, கேட்காதவன் மாதிரி எல்லாவற்றையும் கேட்டான். 'வேற வழி இல்ல சார்' என்று ஜோபி சார் சொன்னபோது முட்டியில் வைத்திருந்த கையை எடுத்து மீசையைத் தடவினான். ஓரத்து வீடு உண்டு. கூரைத் தகடு மாதக் கடைசிக்குள். மொக்கையன் பேர் வெட்டப்படாது.

"இப்ப சந்தோஷமா?" என்றார் ஜோபி சார்.

"உங்களுக்காகத்தான் சார் இருக்கேன்" என்றான் மொக்கையன்.

வெளியே வந்து படியில் இறங்கியபோதுதான் கைலேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். முதுகு முழுக்க நனைந்திருந்தது.

சின்னத்தாய் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் வந்த நடையைப் பார்த்தாள். அவனே நடித்து நடித்துச் சொன்னான்: ஜோபி சார் கெஞ்சினது, மேனேஜருக்குப் போன் போனது, எலிக்குக் கிரேடு கேட்டது. தான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலில் நின்றதை மட்டும் விட்டுவிட்டான்.

"அப்ப எம் பேரு?"

"உம் பேரை வெட்டினா வெட்டிட்டுப் போறான். எம் பேரு கெடக்கு. நீ போ."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "மெய்யாவா?"

"மெய்யாத்தான். ஆனா அந்த மேனேஜரு சொன்ன சம்பளத்துக்கு அப்படியே தலையாட்டிட்டியாக்கும்?"

"ஆமா. ரெட்டிப்பால்ல தர்றாக?"

"கூறு கெட்டவ. இருபத்தஞ்சு கேட்டுருக்கணும். போக வர ஜீப்பாச்சும் கேளு. சாயங்காலம் அந்த மொழங்காலோட மேடேறுவியா? கேளு, தருவான். மூஞ்சியப் பாக்காத, அவன் கையைப் பாரு. கை மேசையத் தட்டுச்சுன்னா தருவான்."

குமுளிக்காரருக்கு மொக்கையனே போன் செய்தான். வரவில்லை என்றான். அவர் இருபது தருகிறேன் என்றார். ஜோபி சாரிடம் பொய்யாகச் சொன்ன அதே இருபது, மெய்யாக வந்து காதில் நின்றது. மொக்கையன் கண்ணை மூடிக்கொண்டான். கூடுதல் கூலியை வேண்டாம் என்று சொல்வதற்கு அவன் நாக்கு பழகவே இல்லை.

"இல்ல முதலாளி" என்றான். "வீட்டுல வேலைக்குப் போறாக. வீட்டைப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்."

சொல்லிவிட்டு உடனே போனை வைத்தான். இன்னொரு தடவை அவர் பேசினால் என்ன ஆகும் என்று அவனுக்கே சந்தேகம்.

மாதக் கடைசியில் ஓரத்து வீட்டுக்குக் கூரைத் தகடு வந்தது. பீரோவைத் தூக்க லயமே திரண்டது. சிலுவைராஜ் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு வீடு தாண்டுறதுக்கு எதுக்குய்யா இம்புட்டுக் கூச்சல்" என்று வைதுகொண்டே வந்தான். அவர்கள் விட்ட நடு வீட்டுக்கு அந்த ஜார்க்கண்ட் குடும்பம் அன்றைக்கே வந்துவிட்டது. சின்னத்தாய் அண்டாவை அவர்களுக்கே கொடுத்துவிட்டாள்.

இப்போது காலையில் ரிசார்ட் ஜீப் லயத்து முக்கில் வந்து ஹாரன் அடிக்கிறது. கேட்டாள், கொடுத்தார்கள். சின்னத்தாய் இஸ்திரி போட்ட சேலையோடு ஏறிப் போகிறாள். மொக்கையன் டீக்கடையில் உட்கார்ந்து ஜீப் வளைவு திரும்புகிறவரை பார்க்கிறான். அப்புறம் கடையைப் பார்த்துத் திரும்புகிறான்.

"பதினெட்டை வேண்டாம்னு எவனும் சொல்லிருவான்" என்கிறான். "இருபதை வேண்டாம்னு சொன்ன ஆளு இந்த மலையில யாரு இருக்கான், சொல்லுங்க பாப்போம்?"

"நீங்கதான் மாப்ள" என்கிறான் சிலுவைராஜ். "வேற யாருக்கு இருபத்திரண்டுல பொண்டாட்டி இருக்கு?"

மொக்கையன் அவன் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, டிரையர் சூடேற்ற மேட்டைப் பார்த்து நடக்கிறான்.